அடங்கிய மணம்

திண்டிவனத்திலிருந்து ஓர் அம்மாள் இப்பகுதிக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். வெளிநாட்டில் உத்தியோகம் பார்க்கும் அவருடைய மகன் ஊருக்கு வந்தபோது தாயாருக்கென்று ஒரு சிறு வாசனைப் புட்டி வாங்கி வந்தானாம். திறந்து மணிக்கட்டில் ஒரு துளி தடவினால் முதலில் மல்லிகை, அப்புறம் ரோஜா, அரைமணி நேரம் சென்றதும், புதுச் செருப்புக் கடைக்குள் நுழைந்தாற்போல் ஒரு மணம். மகனைக் கேட்டதற்கு, "அதுதான் அம்மா இதன் விசேஷம். பூவும் தோலும் சேர்ந்த வாசனை. அதிலும் இது ரொம்ப அடக்கமான ரகம்" என்றானாம். "சந்தனமும் ஜவ்வாதும் உள்ள நாட்டில், தோல் நாற்றத்தைக் காசு கொடுத்து வாங்கிப் பூசிக்கொள்வது நாகரிகமா, பைத்தியக்காரத்தனமா? தாங்களே தீர்ப்புச் சொல்ல வேண்டும்" என்று முடிகிறது கடிதம்.

தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் பள்ளிக்கூட வாத்தியாருக்கு இல்லை; விளக்கம் சொல்லும் வழக்கம் மட்டும் உண்டு. ஆகவே விளக்கத்தையே சொல்கிறேன்.

முதலில் அந்த அம்மாள் எழுதியுள்ள 'நாற்றம்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். பழைய தமிழில் நாற்றம் என்றால் நறுமணம் என்றுதான் பொருள். பூ நாறியது என்று புலவர்கள் பாடினால் அது பூவுக்குப் பெருமை. வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் கொல்லென்று சிரிப்பார்கள். நாளடைவில் அந்தச் சொல் பெரிய இடத்திலிருந்து இறங்கி, இன்று மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டிய பொருளுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. சொல்லுக்கு நேர்ந்த கதி பொருளுக்கும் நேர்வதுண்டு. தோலின் மணத்துக்கு நேர்ந்தது அதுதான் என்பது என் எண்ணம்.

அந்தப் புட்டிக்குள் தோல் ஒரு துணுக்குக்கூட இல்லை என்பதை அம்மாளுக்கு ஆறுதலாகச் சொல்லிவிடலாம். ரோஜாவைக் காய்ச்சி வடிப்பதுபோல் தோலைக் காய்ச்சி மணம் எடுப்பதில்லை. வாசனைத் தொழிலில் தேர்ந்தவர்கள் வேறு வேறு பொருள்களைச் சேர்த்துத் தோலின் மணத்தை மூக்குக்கு நினைவூட்டுகிறார்கள். அவற்றில் பழமையானது பூர்ஜ மரத்துத் தார். நம் முன்னோர் ஏடாகப் பயன்படுத்திய பூர்ஜ பத்திரம் இமயமலையில் வளரும் மரத்தின் பட்டை. அதே இனத்தைச் சேர்ந்த மரங்கள் ருஷ்யாவிலும் ஏராளமாக உண்டு. அவற்றின் பட்டையைக் காற்றுப் படாமல் சூடேற்றினால் கறுப்பாக ஒரு தார் கசியும். அதில் புகையும் பிசினும் கலந்த ஒரு வாசனை இருக்கும். ருஷ்யர்கள் இந்தத் தார் எண்ணெயைத் தோலில் ஊட்டினார்கள். தண்ணீர் ஏறாது, பூச்சி அரிக்காது என்பதே நோக்கம். மணம் தானாகக் கிடைத்த உபரி லாபம். அந்த உபரிக்காகவே ஐரோப்பாவில் 'ருஷ்யத் தோல்' பெரும் புகழ் பெற்றது.

எவ்வளவு உறுதியான மணம் என்பதற்கு ஒரு சம்பவம் உண்டு. 1786-ஆம் ஆண்டு டிசம்பரில், ருஷ்யத் தலைநகரிலிருந்து இத்தாலிக்குத் தோல் ஏற்றிக்கொண்டு போன 'மெட்டா காதரீனா' என்ற கப்பல் இங்கிலாந்தின் பிளிமத் துறையருகே புயலில் மூழ்கியது. 1973-ல் முக்குளிப்பவர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். ஏறக்குறைய இருநூறு வருஷம் சேற்றில் புதைந்து கிடந்த தோல் கட்டுகளை எடுத்துக் கழுவிப் பார்த்தால், பல தோல்கள் கெடாமல் இருந்தன. கைவினைஞர்கள் அவற்றில் பையும் பாதரட்சையும் தைத்தார்கள். பழைய மணமும் முற்றிலும் போய்விடவில்லை!

1920-களில் பாரிஸில் ஷனேல் நிறுவனத்துக்காக எர்னஸ்ட் போ என்பவர் 'ருஷ்யத் தோல்' என்று பொருள்படும் பிரெஞ்சுப் பெயரில் ஒரு வாசனையை அமைத்தார். மாஸ்கோவில் பிறந்து, அங்கேயே தொழில் கற்று, புரட்சிக்குப் பிறகு பிரான்ஸுக்குக் குடியேறியவர் அவர். பூர்ஜத் தாரின் புகையை அவர் தனியே விடவில்லை. மல்லிகை, ரோஜா முதலிய மலர்களைக் கொண்டு அதைப் போர்த்தினார். பூவும் தோலும் சேர்ந்த வாசனை என்று இன்று சொல்லப்படும் குலத்துக்கு அதை ஒரு பெரிய பாட்டி எனலாம்.

* * *

ஆனால் பூவுக்கும் தோலுக்கும் உள்ள உறவு அதற்கும் பழையது. தெற்குப் பிரான்ஸில் கிராஸ் என்று ஓர் ஊர் இருக்கிறது. இன்று உலகத்தின் வாசனைத் தலைநகரம் என்று பெயர். ஆதியில் அது தோல் பதனிடும் ஊர்! பிரபுக்களும் சீமாட்டிகளும் அணியும் கையுறைகளுக்கு அங்கே தோல் தயாராயிற்று. பதனிட்ட தோலில் ஒட்டியிருந்த வாடையை மறைக்க, மலர்த் தைலங்களில் கையுறையை ஊறவைத்தார்கள். பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளில் வாசனைக் கையுறை பெரிய மோஸ்தராகிவிட்டது. பிரான்ஸில் கையுறை செய்பவரும் வாசனை செய்பவரும் ஒரே தொழிற்சங்கத்தினராக இருந்தார்கள். பிறகு தோல் தொழில் மெல்ல மெல்ல மங்கிற்று. வாடையை மறைக்க வந்த மல்லிகை மட்டும் ஊரில் தங்கிவிட்டது.

அந்த மல்லிகை எது தெரியுமா? நம் ஊர் ஜாதிமல்லிதான். பிச்சி என்றும் சொல்வோமே, அதே கொடி. இன்று தமிழ்நாட்டிலேயே விடியுமுன் பறித்த ஜாதிமல்லியையும் குண்டுமல்லியையும் ஆலைகளில் சாறு இறக்கிப் பிரான்ஸ் முதலிய தேசங்களுக்கு அனுப்புகிறார்கள். திண்டிவனத்து அம்மாளின் புட்டியில் உள்ள மல்லிகை தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறிப்போய், பேரை மாற்றிக்கொண்டு திரும்பி வந்ததாகவும் இருக்கலாம்.

மல்லிகையும் தோலும் எப்படிப் பொருந்தும் என்ற கேள்விக்கு ரசாயனம் ஒரு வேடிக்கையான பதில் சொல்கிறது. மல்லிகையின் மணத்தில் 'இண்டோல்' என்றொரு பொருள் உண்டு. கொஞ்சமாக இருக்கும்வரையில் அது மலருக்குக் கனமும் கிறக்கமும் தரும். மிகுந்துவிட்டால் மாட்டுத் தொழுவத்தின் வாடைதான். பிராணிகளின் மலத்திலும் அதே பொருள் இருக்கிறது. இதை அறிய ரசாயனசாலைக்குப் போகவேண்டியதில்லை. இரவு தலையில் சூடிய மல்லிகைச் சரத்தைத் தலையணை அருகே வைத்துவிட்டு, கதவடைத்த அறையில் காலையில் எழுந்து முகர்ந்து பாருங்கள். இனிமைக்கு அடியில் ஏதோ ஒரு பிராணியின் மூச்சு தெரியும். ஆக, பூவுக்குள்ளேயே கொஞ்சம் விலங்கு இருக்கிறது. நன்றாகப் பதனிட்ட தோலிலோ மரப்பட்டையும் இலைச்சருகும் மணக்கும். அதாவது விலங்குக்குள் கொஞ்சம் தாவரம். இரண்டும் பாதி வழி வந்து கைகுலுக்கிக்கொள்கின்றன.

நம் பெரியவர்களுக்கு இது தெரியாததல்ல. புனுகும் கஸ்தூரியும் பிராணிகளிடமிருந்து கிடைத்தவைதாமே? கோயில்களில் சுவாமிக்குச் சாத்தும் புனுகு, தனியாக முகர்ந்தால் முகம் சுளிக்க வைப்பது. சந்தனத்தில் கடுகளவு கலந்தால் அதுவே திவ்ய மணம்.

தோலோடு பூ சேர்வதும் நம் தேசத்துக்குப் புதிதல்ல. கங்கைக் கரையில் உள்ள கன்னௌஜ் நகரத்தில் தலைமுறை தலைமுறையாக அத்தர் இறக்குகிறார்கள். செப்புப் பானையில் ரோஜாவையும் நீரையும் இட்டு, மண்ணால் வாய் பூசி, விறகடுப்பில் காய்ச்சி, மூங்கில் குழாய் வழியே ஆவியைச் சந்தன எண்ணெய் உள்ள கலத்தில் இறக்குவார்கள். இறக்கிய அத்தரில் கொஞ்சம் ஈரம் தங்கிவிடும். அதை நீக்கப் பழங்காலத்தார் கண்ட உபாயம் தோல் புட்டி. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'குப்பி'. நமக்கும் பழக்கமான சொல். தோல் சுவாசிக்கும், நீரின் ஈரத்தை மெல்ல வெளியே விடும், எண்ணெயையும் மணத்தையும் உள்ளே நிறுத்திக்கொள்ளும். ரோஜா அத்தர் முதிர்ந்து பக்குவப்படுவது தோலின் மடியில். பூவைச் சுமக்கத் தோல் தகுதியற்றது என்று கன்னௌஜ்வாசிகள் நினைக்கவில்லை.

* * *

அடக்கமான ரகம் என்று அந்தப் பிள்ளை சொன்னானே, அதற்கு வருவோம். வாசனைகளில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, ஆள் வருமுன்னே வந்து, ஆள் போனபின்னும் போகாமல் உட்கார்ந்திருப்பது. கல்யாண வீடுகளில் இந்த ஜாதியை நிறையப் பார்க்கலாம். மற்றொன்று, பக்கத்தில் வந்து உட்காருபவருக்கு மட்டும் தன்னைத் தெரிவிப்பது. பூவும் தோலும் அளவோடு சேர்ந்த வாசனை இந்த இரண்டாம் ஜாதி.

அதன் குணத்தை இப்படிச் சொல்லலாம். தடவியவுடன் எலுமிச்சை, நாரத்தை போன்ற ஒரு புளிப்பு வாசனை எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிடும். எளிதில் ஆவியாகும் பொருள்கள் அவை. பிறகு மலர்கள் வரும். அவையும் கொட்டு மேளத்தோடு வருவதில்லை. கூடத்தில் பெண்கள் மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருப்பதுபோல் இருக்கும். கடைசியில், எளிதில் ஆவியாகாத கனத்த பொருள்கள் தோல்மேல் தங்கும். அப்போதுதான் தோலின் மணம் தெரியும். பழைய புத்தகத்தின் அட்டையை, பாட்டனாரின் கைப்பெட்டியின் உட்புறத்தைத் திறந்தாற்போன்ற உலர்ந்த, சற்றே கசந்த, புகை படிந்த வாசனை. அது தனியாக எதையும் பாடுவதில்லை. கச்சேரியில் தம்பூரா செய்கிற காரியத்தையே செய்கிறது. தம்பூராவைக் கேட்க யாரும் கச்சேரிக்குப் போவதில்லை. ஆனால் அது நின்றுவிட்டால் பாட்டுக்கு அடியில் தரை இல்லாமல் போகும். தோல் இல்லாவிட்டால் அந்த மல்லிகை வெறும் தித்திப்பு. மல்லிகை இல்லாவிட்டால் அந்தத் தோல் வெறும் செருப்புக் கடை.

* * *

இதையெல்லாம் பாரிஸுக்குப் போய்த்தான் கற்க வேண்டுமா என்றால், விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் சாலையோரத்திலேயே பாடம் இருக்கிறது. பொட்டல்களிலும் ஏரிக்கரைகளிலும் மஞ்சள் மஞ்சளாகப் பூத்து நிற்கும் ஆவாரஞ்செடியைத்தான் சொல்கிறேன். ஆவாரை பூத்திருக்கும் ஊரில் சாவு ஏது என்னும் கருத்தில் ஒரு பழமொழியே உண்டு. வெயிலுக்குத் தலையில் அதன் தழையை வைத்துக்கொள்கிறோம். பூவைக் காயவைத்துக் கஷாயம் போடுகிறோம். மாட்டுப் பொங்கலன்று மாலையாகக் கட்டி மாட்டின் கழுத்தில் போடுகிறோம்.

அந்தச் செடியின் பட்டையில் துவர்ப்புச் சத்து நிறைந்திருக்கிறது. உரித்த பட்டையைக் காயவைத்து, இடித்து, நீரில் ஊறவைத்து, சுண்ணாம்பில் மயிர் நீக்கிய தோலை அந்த நீரில் வாரக்கணக்கில் மாற்றி மாற்றிப் போடுவார்கள். துவர்ப்புச் சத்து தோலின் நார்களோடு பிணைந்துகொண்டு, அழுகும் பொருளை அழியாப் பொருளாக்கும். பின்பு கடுக்காய் நீரில் இட்டு, எண்ணெய் ஊட்டி உலர்த்துவார்கள். ஆவாரையில் மட்டும் பதனிட்ட தோல் வெளிச்சத்தில் சிவந்துபோகும். கடுக்காய் அதைத் தடுக்கும். இவ்வாறு சென்னை ராஜதானியில் தயாரான தோல் 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்ற பெயரில் கடல் கடந்து போயிற்று. முதல் உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்ஸுகளுக்கு மேல்தோலாயிற்று. 2008-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தத் தோலை மூக்கருகே கொண்டுபோனால் வாடை இல்லை. உலர்ந்த பட்டையும் எண்ணெயும் கலந்த ஓர் இதமான மணம்.

உயிருள்ள மாட்டின் கழுத்துக்கு ஆவாரையின் பூ. மாண்ட மாட்டின் தோலுக்கு அதே ஆவாரையின் பட்டை. பூவையும் தோலையும் சேர்த்து வைக்க நமக்குப் பிரெஞ்சுக்காரர் வேண்டியதில்லை. ஒரே செடி நம் வாசலில் அதைச் செய்துகொண்டிருந்தது.

இன்று அந்த மணம் அரிதாகி வருகிறது. ஆவாரைக்குப் பதிலாகத் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த வாட்டில் பட்டைச் சாறு புகுந்தது. அதைவிடப் பெரிய மாறுதல் குரோமிய உப்பு. 1903-ல் சென்னைக் கலைப் பள்ளியில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் குரோமியப் பதனிடலைச் சோதித்துப் பார்த்தார். 1912-ல் பல்லாவரத்துக்கு அருகே ஏற்பட்ட குரோம் லெதர் ஆலையால் அந்த இடத்துக்கே குரோம்பேட்டை என்று பெயர் வந்தது. விழுப்புரத்தில் ரயிலேறி எழும்பூர் போகிறவர்கள் எல்லோரும் அந்தப் பெயர்ப்பலகையைக் கடந்துதான் போகிறோம். வாரக்கணக்கான வேலையைக் குரோமியம் ஓரிரு நாளில் முடித்துவிடும். தோலும் மிருதுவாக, சாயத்துக்கு இணக்கமாக இருக்கும். ஆனால் அதற்குப் பட்டையின் மணம் இல்லை. அடையாற்றில் 1948-ல் தோன்றிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையமும், 1978-ல் ஆரோவில்லில் சிறு பட்டறையாகத் தொடங்கிப் புதுச்சேரியில் வளர்ந்து, தாவரப் பதனிடலைக் கைவிடாத ஹைடிசைன் போன்ற நிறுவனங்களும் இருப்பதால் பழைய வித்தை அடியோடு மறையவில்லை. இருந்தாலும், உண்மையான தோலைவிட்டு மணம் விலகிக்கொண்டிருக்கிற காலத்தில் அதே மணத்தைப் புட்டியில் அடைத்து விலை சொல்கிறார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

* * *

இவ்வளவும் சொன்ன பிறகு, சொல்லாமல் விடக்கூடாத ஒன்று இருக்கிறது.

தோல் என்றவுடன் நாம் முகம் சுளிப்பது உண்மையில் எந்த வாடையை நினைத்து? பதனிட்டு முடிந்த தோலை நினைத்தல்ல. பச்சைத் தோலும் சுண்ணாம்புத் தொட்டியும் கலந்த முதற்கட்டத்து வாடையை நினைத்து. அந்தத் தொட்டியில் நின்றவர்கள் யார்? ஊருக்கு வெளியே குடியிருக்கும்படி ஊரால் வைக்கப்பட்டவர்கள். முதற்கட்டத்து வாடையை அவர்கள் ஏற்றுக்கொண்டதால்தான் கடைசிக் கட்டத்து மணம் நமக்குக் கிடைத்தது. நாமோ மணத்தை எடுத்துக்கொண்டு வாடையை அவர்கள் பேரிலேயே எழுதிவைத்தோம். அது தொழிலின் வாடை, குளித்தால் போய்விடும். அதைப் பிறப்பின் வாடை என்று சாதித்தோமே, அந்தப் பொய் குளித்தாலும் போகவில்லை.

நம் வீட்டுக் கூடத்தில் உறையிட்டு வைத்திருக்கும் மிருதங்கத்தைப் பாருங்கள். மாட்டுத் தோலும் ஆட்டுத் தோலும் இல்லாமல் அது பேசுமா? அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். அதைச் செய்து கொடுப்பவரை எவ்வளவு தூரத்தில் நிறுத்தினோம் என்பதை டி. எம். கிருஷ்ணா 2020-ல் 'ஸெபாஸ்டியன் அண்ட் ஸன்ஸ்' என்ற நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். தோலின்மேல் நமக்கு வெறுப்பு இல்லை; இருந்தால் மிருதங்கத்தின் முன் உட்கார்ந்து தாளம் போடமாட்டோம். வெறுப்பை வேறிடத்தில் வைத்துவிட்டுத் தோலின்மேல் பழி போட்டிருக்கிறோம்.

இதனால் தோல் தொழிலில் குற்றமே இல்லை என்று நான் வாதாடவில்லை. பாலாற்றங்கரை ஊர்களில் ஆலைக் கழிவு நிலத்தையும் கிணற்றையும் கெடுத்தது உண்மை. 1996-ல் சுப்ரீம் கோர்ட்டே அதைக் கண்டித்துத் தீர்ப்பளித்தது. அந்தக் குற்றம் கழிவைச் சுத்திகரிக்காமல் ஆற்றில் விட்ட முதலாளிகளுடையது. அதைக் கண்டும் காணாதிருந்த அதிகாரிகளுடையது. தொட்டியில் கால் நனைத்து நின்ற கூலியாளுடையது அல்ல. கெட்ட தண்ணீரை முதலில் குடிக்க நேர்ந்தவனும் அவனே.

ஆகவே அம்மாளுக்கு என் யோசனை இது: மகன் கொடுத்த வாசனையைத் தாராளமாக உபயோகியுங்கள். மணிக்கட்டில் ஒரு துளி போதும், தேய்க்க வேண்டாம். பட்டுப் புடவைமேல் தெளித்தால் கறை பிடிக்கும். மல்லிகை அடங்கித் தோல் தலைகாட்டும் வரையில் பொறுத்திருங்கள். அரைமணிக்கு முன் அந்த வாசனையைப்பற்றி முடிவு கட்டுவது, ஆலாபனை தொடங்கியவுடனே பாடகரைப்பற்றி அபிப்பிராயம் சொல்வதற்கு ஒப்பாகும்.

பிள்ளை விலை கொடுத்து வாங்கியதாயிற்றே என்பதற்காக மட்டும் பூசிக்கொள்ள வேண்டாம். நெடுங்காலம் நாம் முகர மறுத்த ஒன்று அதற்குள் இருக்கிறது என்பதற்காகவும் பூசிக்கொள்ளலாம். பாரிஸ் முத்திரை குத்தி வந்தால் தோலுக்கு மரியாதை. நம் ஊர்த் தோல் தொழிலாளி வந்தால் திண்ணையோடு சரி என்று இருக்குமானால், புட்டி எவ்வளவு உயர்ந்ததாயினும் அந்த வீட்டில் மணம் தங்காது.